தகடு வைத்த தெரு

பலவேசத்தின் பொக்லைனுக்குள் ஒரு அத்தை குடியிருந்தாள்.

கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் நீளமானது, வாயில் நுழையாதது. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பக்கெட்டின் அடியிலிருந்தே பார்த்துச் சொல்லும் பெட்டி அது. மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ எரிவாயுக் குழாயோ தட்டுப்பட்டால் போதும், லிவர் மரத்துப்போகும், பக்கெட் அந்தரத்தில் நின்றுவிடும். "அன்புடையீர், இவ்விடத்தில் தோண்ட இயலாது" என்று சுத்தத் தமிழில் ஒரு பெண்குரல் சொல்லும். எதைக் கேட்டாலும் முடியாது என்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? டிரைவர்கள் எல்லோரும் அவளை அத்தை என்றுதான் அழைத்தார்கள். "அத்தை சம்மதிச்சாளா?" என்பதுதான் காலையில் டீக்கடையில் முதல் விசாரிப்பு.

அத்தை வந்த காரணத்தைப் பலவேசம் மறந்ததில்லை. முன்பெல்லாம் எங்கே எது ஓடுகிறது என்று எவனுக்கும் தெரியாது. ஆபீஸ் வரைபடத்தில் ஒன்று இருக்கும், மண்ணுக்குள் வேறொன்று இருக்கும். அவனோடு தொழில் கற்றுக்கொண்ட ஒருவன் எரிவாயுக் குழாயில் பக்கெட்டின் பல்லை வைத்துவிட்டு, பக்கத்து மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களோடு சேர்ந்து எரிந்துபோனான். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. பதிவேட்டில் உள்ள பொருள் என்றால் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும். யாருடையது என்று தெரியாத பொருள் என்றால் பதினைந்து நாள் அறிவிப்பு. அதுவரை ஒருவரும் தொடக்கூடாது. அப்படிப் பூட்டியபின் ஊர் நிம்மதியாகத்தான் இருந்தது. வேலை ஆமை வேகத்தில் நடந்தாலும் சாயங்காலம் எல்லோரும் முழுசாக வீடு திரும்பினார்கள்.

சிக்கல் தொடங்கியது அவனுடைய சொந்தத் தெருவில்தான்.

செம்மணல்விளையில் வீடு கட்டுகிறவர்கள் நிலைவாசலுக்கு எதிரே ஒரு செப்புத் தகட்டைப் புதைப்பது வழக்கம். குறிசொல்லும் கோடாங்கி அதில் கட்டம் போட்டு எழுதிக்கொடுப்பான். கண்ணேறு, செய்வினை எதுவும் அதைத் தாண்டி வராது என்று நம்பிக்கை. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்காக நடுத்தெருவை அகலப்படுத்த உத்தரவு வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் முன்பக்கம் ஆறடி போகும். அந்த வேலைக்கு ஒப்பந்தக்காரர் அனுப்பியது பலவேசத்தை. வயிற்றெரிச்சலோடுதான் போனான். முதல் வீட்டுக்கு முன்னால் பக்கெட்டை இறக்கியதுமே அத்தை, "உரிமையாளர் அறியப்படாத பொருள் உள்ளது" என்று சொல்லிவிட்டாள். லிவர் அசையவில்லை.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அவன் தம்பி லிங்கதுரை கைகொட்டிச் சிரித்தான். "எண்ணே, ஒங்க அத்தைக்கு எங்க தகட்டக் கண்டா நடுக்கமாக்கும்!"

சிரித்ததோடு விடுகிற ஆளா அவன்? உப்பளத்தில் லாரி ஓட்டி, ஒருதடவை கவிழ்ந்து, தொடை எலும்பில் இரும்பு வைத்துக் கட்டியும் வாய் அடங்காதவன். அந்த வாரத்துக்குள் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் புதிதாகத் தகடு இறங்கியது, அவன் வாசலில் மட்டும் நாலு. பலசரக்குக் கடை சாமுவேல் அண்ணாச்சிக்குக் கோடாங்கியிடம் போக மனமில்லை. சிலுவை பொறித்த தகடு ஒன்றைச் செய்துவாங்கி ஜெபம் பண்ணிப் புதைத்தார். பதினைந்து நாள் முடியப்போகிற சமயத்தில், எந்திரம் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, எல்லோரும் தகட்டை ஒரு முழம் நகர்த்தி வைப்பார்கள். அத்தைக்கு அது புதுப் பொருள். மறுபடியும் பதினைந்து நாள். தாசில்தார் வந்து கேட்டபோது, "தகடா? எங்களுக்கென்ன தெரியும்?" என்று தெருவே ஒரே குரலில் சத்தியம் செய்தது. பலவேசமும் வாயைத் திறக்கவில்லை. அவன் வாசலிலும் ஒரு தகடு கிடந்தது. ஏழைகள் வாசலைக் காப்பாற்ற ஒரு செப்புத் துண்டு உதவுகிறதென்றால் அதில் என்ன பாவம் என்று அவன் நினைத்தான். இப்போதும் அதைத் தப்பென்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

சாலை நின்றுபோனது. சாலையோடு வரவேண்டிய சாக்கடையும் நின்றுபோனது. குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் வாசலில் தேங்கி நாறின. எந்திரம்தான் வராதே, ஆளாளுக்கு மண்வெட்டியை எடுத்து, அந்தத் தண்ணீர் இறங்க சிமெண்ட் வளையம் அடுக்கிய உறைக்குழி தோண்ட ஆரம்பித்தார்கள். ஆள் கையால் தோண்டுவதை அத்தை கேட்பதில்லை. லிங்கதுரை தன் வாசலோரம் தோண்டினான். அது தேரி மண், பார்க்கச் செக்கச்செவேல் என்று கெட்டியாக இருக்கும். காய்ந்துவிட்டால் சீனி மாதிரி சரியும். இரண்டு ஆள் ஆழம் போய், முதல் சிமெண்ட் உறையைக் கயிறு கட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது பக்கச்சுவர் பெயர்ந்து அவன் இடுப்பு வரை மூடியது.

பலவேசம் பக்கத்து ஊரில் ஒரு கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு அஸ்திவார வானம் தோண்டிக்கொண்டிருந்தான். லிங்கதுரையின் மனைவி சந்தனமாரி போனில் அலறினாள். அவள் என்ன சொன்னாள் என்றே அவனுக்குப் புரியவில்லை, "அத்தான்" என்பது மட்டும்தான் கேட்டது. பொக்லைனை அப்படியே ரோட்டில் ஏற்றி ஓட்டி வந்தான்.

அவன் வந்து சேர்வதற்குள் மண் இரண்டாந்தடவையும் சரிந்திருந்தது. காப்பாற்றக் குதித்தவர்கள் மண்ணை அள்ள அள்ள மேலிருந்து அதைவிட அதிகம் இறங்கியது. லிங்கதுரை கண்ணுக்குத் தெரியவில்லை. சிமெண்ட் உறை அவன் தலைக்கு மேல் சாய்ந்து விழுந்து கொஞ்சம் இடம் விட்டிருந்தது. அதற்குள்ளிருந்து குரல் வந்தது.

"எண்ணே, வந்துட்டியா?"

"வந்துட்டம்லே. பேசாத. மூச்சப் பிடிச்சு வச்சுக்க."

"சீக்கிரம் எடுணே. நெஞ்சு அமுக்குது."

தீயணைப்புப் படையினர் பலகைகளோடு வந்து, குழியைச் சுற்றி முட்டுக்கொடுக்கப் பார்த்தார்கள். பலகை நிற்கவில்லை. பலவேசத்துக்கு ஒரே பார்வையில் வழி தெரிந்தது. தெருப் பக்கத்திலிருந்து அகலமாகச் சரிவு வெட்டி மண்ணை அப்பால் இழுத்துவிட்டால் சரிவது நின்றுவிடும், பிறகு ஆள் இறங்கிக் கையால் எடுக்கலாம். அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. லிவரைத் தள்ளினான்.

"அன்புடையீர், இவ்விடத்தில் தோண்ட இயலாது. உரிமையாளர் அறியப்படாத பொருள்கள் உள்ளன."

திரையில் தெரு முழுக்கச் சிவப்புப் புள்ளிகள்.

"தகட்டப் பிடுங்குங்கலே!" என்று யாரோ கத்தினார்கள். ஒருவர் ஓடிப்போய்த் தன் வாசலைக் கிளறித் தகட்டை உருவினார். உடனே எந்திரம் ஊளையிட்டது. "பாதுகாக்கப்பட்ட பொருள் சேதப்படுத்தப்பட்டுள்ளது" என்றாள் அத்தை. பலவேசம் அத்தையை நடத்தும் நிலத்தடி மையத்துக்குப் போன் போட்டான். நிஷாந்தினி என்று பெயர் சொன்ன ஒரு பெண் எடுத்தாள்.

"அண்ணா, தயவுசெஞ்சு யாரும் எதையும் பிடுங்க வேண்டாம்னு சொல்லுங்க. இன்னொண்ணு போச்சுன்னா விசாரணை முடியிற வரைக்கும் வண்டி மொத்தமா நின்னுரும்."

"எந்தம்பி உள்ள கெடக்கான்மா. நீ தெறந்து விடு, புண்ணியமாப் போவும்."

"எங்கிட்ட திறக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லண்ணா."

"ஒங்க பெரிய ஆபீசர்ட்டச் சொல்லேன்."

"யார்கிட்டயும் இல்ல. முன்னாடி அவசரத் திறப்புன்னு ஒரு பட்டன் இருந்துச்சு. எல்லாரும் எல்லா வேலைக்கும் அவசரம்னு அதையே அமுக்கினாங்க. மறுபடியும் ரெண்டு இடத்துல குழாய் வெடிச்சப்ப அதை எடுத்துட்டாங்க."

பலவேசத்துக்கு அது தெரியும். அந்தப் பட்டனை அவனும் அமுக்கியிருக்கிறான். ஒப்பந்தக்காரருக்குப் பசி வந்தாலே அந்தக் காலத்தில் அவசரம்தான். ஒரு பட்டனைக்கூட நல்லபடியாக வைத்துக்கொள்ளத் தெரியாத கூட்டத்தை அவன் மனதுக்குள் திட்டினான், தன்னையும் சேர்த்து.

"வேற வழியே இல்லையா தாயி?"

"ஒரு வழி இருக்கு. அந்தந்தப் பொருளுக்குச் சொந்தக்காரங்க போன்ல முகத்தைக் காட்டி, இது என்னுது, பயன்பாட்டில் இல்லைன்னு சொல்லணும். சொன்ன உடனே அத்தனையும் விலகிரும். ஆனா..." அவள் தயங்கினாள். "வேணும்னே வச்சதுன்னு தெரிஞ்சா கேஸ் வரும்ணா. அதையும் நான் சொல்லித்தான் ஆகணும்."

பலவேசம் எந்திரத்திலிருந்து எழுந்து நின்று அதைத் தெருவுக்குக் கத்திச் சொன்னான். சாமுவேல் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"சிலுவ போட்டது என்னுது. எங்க மூஞ்சியக் காட்டணும்? காட்டு. கேசு வந்தா வரட்டும், உள்ள கெடக்கவன் நம்ம புள்ள."

அவ்வளவுதான், தெருவே முண்டியடித்துக்கொண்டு வந்தது. தாசில்தார் முன்னால் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தவர்கள் எல்லோரும், "என்னுது, என்னுது" என்று போனைப் பிடித்து நின்றார்கள். சிங்கப்பூரில் இருக்கும் ஒருவனை வேலையிலிருந்து கூப்பிட்டு முகத்தைக் காட்டச் சொன்னார்கள். லிங்கதுரையின் நாலு தகட்டுக்கும் குழியோரத்திலேயே போனை நீட்டிச் சந்தனமாரியின் முகத்தைக் காட்டினார்கள். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பலவேசத்துக்கு உடம்பில் தெம்பு வந்தது. லிங்கதுரையைப் பார்த்துக் கத்தினான்.

"இந்தா வந்துட்டம்லே! செத்த நேரம்!"

பதில் வரவில்லை. கடைசிச் சிவப்பு ஒன்று மட்டும் அணையாமல் நின்றது. குழிக்குள், உறைக்கு நேர் கீழே.

"இது யாரு தகடு?" என்று பலவேசம் கேட்டான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அட, யாருதுன்னு சொல்லித் தொலைங்களேம்!"

யாருடையதும் இல்லை. அவன் குனிந்து திரையைப் படித்தான். உலோகம், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. வெப்பம் உண்டு. அசைவு உண்டு. புள்ளி கொஞ்சம் பெருத்து, கொஞ்சம் சிறுத்து, மறுபடி பெருத்தது. மூச்சு விடுகிற வேகத்தில்.

அது தம்பியின் தொடையில் வைத்த இரும்பு.

"நிஷாந்தினி," என்றான். "அத்தை எந்தம்பியையே கரண்டு லைனுங்கா."

"தெரியுதுண்ணா. சூடும் அசைவும் இருந்தா ஓடிக்கிட்டிருக்கிற லைன்னுதான் எடுத்துக்கும். மனுஷன்னு ஒரு வகை அதுல இல்ல."

"ஏன் இல்ல?"

"மண்ணுக்குள்ள மனுஷன் இருப்பான்னு யாரும் நினைக்கலண்ணா." அவள் குரல் உடைந்திருந்தது. "வீட்டு எல்லைக்குள்ள இருக்கிறதால வீட்டுக்காரங்கதான் சொல்ல முடியும். பயன்பாட்டில் இருக்குன்னு சொன்னா, சுத்தி ஒன்றரை மீட்டருக்குள்ள எந்திரம் போகாது, கையாலதான் எடுக்கணும். இல்லைன்னு சொன்னா..."

அவள் முடிக்கவில்லை. முடிக்காவிட்டாலும் பலவேசத்துக்குத் தெரியும். பயன்பாட்டில் இல்லாததற்குக் காவல் கிடையாது. அத்தை அதைப் பார்க்கவும் மாட்டாள், காட்டவும் மாட்டாள். பக்கெட் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

வீடு சந்தனமாரியின் பேரில் இருந்தது. அவள் குழியோரம் மண்ணில் முழங்காலிட்டு, உறை கிடந்த பக்கமாகக் குனிந்து புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பி எந்திரத்தருகே கூட்டிவந்தார்கள். பலவேசம் இறங்கி அவள் எதிரில் நின்றான். இப்படி ஒரு விஷயத்தை ஒரு பெண்ணிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்தமட்டில் சொன்னான்.

"இருக்குன்னு சொன்னா எந்திரம் கிட்ட வராதும்மா. கையால அள்ளணும்."

"கையால அள்ளித்தான இம்புட்டும் சரிஞ்சுது."

"ஆமா. இல்லன்னு சொன்னா எந்திரம் வரும். ஆனா அவன் எனக்குத் திரையில தெரியமாட்டான். குருட்டாம்போக்குலதான் வெட்டணும். பக்கெட்டுப் பல்லு அவம் மேல பட்டாலும் படும்."

"இருக்குன்னு சொன்னா தெரிவாவளா?"

"தெரிவான். பாத்துக்கிட்டே இருக்கலாம்."

அவள் திரையைப் பார்த்தாள். புள்ளி பெருத்தது, சிறுத்தது. முன்னைவிட மெதுவாக. பலவேசம் அவளுக்காக முடிவெடுத்துவிடலாமா என்று நினைத்தான். அவனால் முடியாது, சட்டமும் விடாது, மனசும் விடாது. தெருவில் இத்தனை பேர் நின்றும் அவளுக்குத் துணையாக ஒரு சொல் சொல்ல ஆளில்லை.

"வெட்டுங்க அத்தான்," என்றாள்.

போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்கள். அத்தை அவள் பெயரைச் சொல்லி வணங்கினாள். "இப்பொருளின் உரிமையாளர் தாங்களா?"

"ஆமா."

"இப்பொருள் தற்போது பயன்பாட்டில் உள்ளதா?"

"இல்ல."

"மன்னிக்கவும். தெளிவாகவும் முழுமையாகவும் கூறவும்."

சந்தனமாரி குழியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் காதில் விழுந்துவிடுமோ என்று பயந்தவள் போல இருந்தாள். ஆனால் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது, தெரு முழுக்கக் கேட்கும்படி.

"பயன்பாட்டில் இல்லை."

பலவேசம் அப்போது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். புள்ளி ஒருமுறை பெருத்து, பிறகு திரை முழுக்கப் பச்சையானது. "நன்றி. தாங்கள் தோண்டலாம்," என்றாள் அத்தை. லிவர் வெண்ணெயாக இளகியது.

புள்ளி இருந்த இடத்துக்கு நேர் மேலே முன்கூட்டியே ஒரு கடப்பாரையை நட்டுவைத்திருந்தார்கள். முதல் இழுப்பிலேயே மண் நகர்ந்து கடப்பாரையும் சேர்ந்து நகர்ந்தது. இரண்டாவது இழுப்பில் அது சாய்ந்து விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவனுக்கு எந்த அடையாளமும் இல்லை. இருபது வருஷமாகக் கை வைத்த லிவர் அவன் கையில் அந்நியமாக இருந்தது. ஒவ்வொரு முறை பக்கெட்டை இறக்கும்போதும் பல்லில் மண் தவிர வேறேதும் தட்டுகிறதா என்று உள்ளங்கையால் கேட்டான். தட்டுவது போலவே இருந்தது. நிறுத்தினான், இறங்கிப் பார்த்தான், வேர். மறுபடி ஏறினான். வேகமாக வெட்டினால் தம்பியை வெட்டிவிடுவோம், மெதுவாக வெட்டினால் தம்பி போய்விடுவான். இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த வேகம் சரி என்று அவனுக்குச் சொல்ல யாருமில்லை. அவன் வாய்விட்டு அழுதுகொண்டே வெட்டினான்.

சரிவு நின்றதும் ஆட்கள் இறங்கினார்கள். லிங்கதுரை உறைக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தான். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. பலவேசத்தின் பக்கெட் அவனைத் தொடவே இல்லை. மூக்கிலும் வாயிலும் செம்மண் அப்பியிருந்தது. தீயணைப்பு அதிகாரி நெஞ்சை வெகுநேரம் அமுக்கிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

எப்போது போனான் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மண் மூச்சை அடைத்துவிட்டது என்பதோடு டாக்டர் நிறுத்திக்கொண்டார். திரை பச்சையான பிறகு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாருமில்லை.

அடக்கம் முடிந்து சொந்தபந்தங்கள் கலைந்தார்கள். தகடு வைத்ததற்காகப் போலீஸ் வந்து ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக்கொண்டு போனது, யாரும் மறைக்கவில்லை. சந்தனமாரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் அப்படியே இருந்தாள். அன்றிலிருந்து அவள் எதையும் வாயில் வைக்கவில்லை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பெண்கள் கெஞ்சிப் பார்த்துவிட்டு, கடைசியில் பலவேசத்தின் கையில் செம்பைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அவள் செம்பைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

"அத்தான், ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும். நான் ரெண்டாந்தடவ இல்லன்னு சொல்லும்போது அந்தப் புள்ளி அசைஞ்சுதா? நீங்கதான பாத்துக்கிட்டு இருந்தீய?"

பலவேசத்துக்கு அந்தக் கடைசிப் பெருமூச்சு கண்ணுக்குள்ளேயே நின்றது. பெருத்த புள்ளி சிறுப்பதற்குள் பச்சை வந்து மூடிவிட்டதே, அது.

"இல்லம்மா," என்றான். "நீ சொல்லுததுக்கு முன்னாலயே நின்னுட்டு. நான்தான் ஒங்கிட்டச் சொல்லல."

அவள் அதை மெல்ல யோசித்தாள். முகத்தில் இறுகியிருந்தது எதுவோ தளர்ந்தது.

"அப்பம் நான் பொய் சொல்லல," என்றாள்.

கையை நீட்டிச் செம்பை வாங்கினாள். மடமடவென்று முழுத் தண்ணீரையும் குடித்தாள். பலவேசம் வெறுஞ்செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் அங்கேயே நின்றான்.